நரிகள் வடக்கே வருவதில்லை

சூரியன் போன பிறகுதான் உலாயுவுக்கு உயிர் வரும். நவம்பர் கடைசியில், இனி ஜனவரி வரை சூரியனே இல்லை என்று ஊரே தெற்கே பார்த்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும்போது, அவள் மட்டும் விருந்துக்குப் புறப்பட்டவள் மாதிரி கையுறையை உதறி மாட்டிக்கொண்டு தண்ணீர் லாரியில் ஏறுவாள். "போகட்டும் அந்தப் பொம்பளை. கோடை முழுக்கத் தூங்க விடாம மண்டைக்கு மேல நின்னாளே, போதாதா?" என்பாள். எங்கள் பக்கத்தில் சூரியன் பெண்பிள்ளை. நிலா அவளைத் துரத்திக்கொண்டே திரியும் அண்ணன்காரன். உலாயுவுக்கு அந்த இருவர்மேலும் பெரிய மரியாதை கிடையாது. அவளுடைய மரியாதையெல்லாம் நட்சத்திரங்களுக்குத்தான்.

எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் இல்லை. நிலம் உறைந்து கிடக்கும்போது எங்கே குழாய் புதைப்பது? வீட்டுக்கு வீடு ஒரு தொட்டி. தொட்டி வற்றினால் வாசலுக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்து உலாயு லாரியைக் கொண்டுவந்து நிறுத்துவாள். தண்ணீர் எடுக்க ஊருக்கு வடக்கே இருக்கிற ஏரிக்குப் போக வேண்டும். உறைந்த ஏரியில் ஒரு துளை, துளைக்கு மேல் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் பம்பு. லாரி நிறைந்ததும் அவள் என்ஜினை அணைத்துவிடுவாள். அந்தக் குளிரில் என்ஜினை அணைத்தால் மறுபடி கிளம்புமா என்பது தெய்வத்துக்கே வெளிச்சம். நகராட்சியில் பலமுறை திட்டியும் பார்த்துவிட்டார்கள். "சத்தம் இருந்தா மேல இருக்கிறவங்க கூச்சப்படுறாங்க" என்று ஒரே பதில்.

என்ஜின் நின்றதும் ஏரியில் ஒரு நிசப்தம் இறங்கும். மூச்சு விட்டால் அது உறைந்து பொடியாகிக் காதருகே கிசுகிசுக்கிற சத்தம் கேட்கும். அவள் வண்டியின் மூக்கில் சாய்ந்து, தலையை அண்ணாந்து, வாயைப் பிளந்துகொண்டு நிற்பாள். தலைக்கு நேர் மேலே நட்சத்திர மான்கூட்டம் மேய்ந்துகொண்டிருக்கும். தெற்கே மூன்று வேட்டைக்காரர்கள் வரிசையாக ஓடிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு கரடி, கரடியைச் சுற்றி நாய்கள். காலம் தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறார்கள், இன்னும் பிடித்தபாடில்லை. சில நாள் பச்சை வெளிச்சம் நெளிந்து நெளிந்து வரும். செத்துப்போனவர்கள், தந்தம் நீண்ட கடல்விலங்கான வால்ரஸின் தலையைப் பந்தாக்கி ஆடுகிற ஆட்டம் அது. அதைப் பார்த்து விசில் அடித்தால் கிட்டே வந்து நம் தலையையும் பந்தாக்கிவிடுவார்கள் என்று சின்ன வயதிலேயே எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறது. உலாயு ஒரே ஒரு மூச்சு விசில் அடிப்பாள். வெளிச்சம் கொஞ்சம் இறங்கி வருகிற மாதிரி இருக்கும். சட்டென்று தொப்பியை இழுத்து மூடிக்கொண்டு வண்டிக்குள் ஏறிவிடுவாள், சிரித்தபடி.

ஒரே ஒரு நட்சத்திரத்தோடு மட்டும் அவளுக்கு ஆகாது. அதன் பெயர் நரிகள். தெற்கே அடிவானத்தை ஒட்டி, கடல்பனிக்கு ஒரு கை உயரத்தில் அது வரும். மேலே ஏறவே ஏறாது. சிவப்பு நரி ஒன்றும் வெள்ளை நரி ஒன்றும் ஒரே வளைக்குள் நுழையச் சண்டை போடுகின்றன. ஒரு கணம் சிவப்பு முந்தும், மறு கணம் வெள்ளை முந்தும். அதனால்தான் அது அப்படித் துடிக்கிறது. தெரியாதவர்கள் பார்த்தால் பனியின்மேல் யாரோ விளக்கோடு நடந்து வருகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள்.

உலாயு நினைத்தாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. ஊர் என்று ஒன்று அன்று இல்லை. நாலைந்து குடும்பங்கள் கடலோரத்தில் பனிவீடு கட்டிக்கொண்டு இருட்டைக் கழிப்பார்கள். அவளுடைய அப்பா கமானிக், கரையோடு ஒட்டிய பனி முடிந்து திறந்த கடல் தொடங்கும் விளிம்புக்கு வால்ரஸ் வேட்டைக்குப் போனார். வடக்கேயிருந்து காற்று கிளம்பி, அவர் நின்ற பனியைப் பிய்த்துக் கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தெற்கே அந்த வெளிச்சம் தெரிந்தவுடன் குழந்தை வெளியே ஓடி, "அப்பா விளக்கு! அப்பா விளக்கு!" என்று கத்தும். ஒரு தரம் அவளுடைய மாமா அந்தக் கத்தலை நம்பி நாய்களைப் பூட்டிக்கொண்டு வெளிச்சத்தை நோக்கிப் போனார். வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல் நாய்களை அவிழ்த்தார். அன்றைக்கு அம்மா அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அது நரிங்க, கண்ணு. வெறும் நரிங்க" என்றாள். உலாயு அதற்குமேல் கத்தவில்லை. இனி அந்த நட்சத்திரத்திடம் ஏமாறுவதில்லை என்று அந்த வயதிலேயே வைராக்கியம் வந்துவிட்டது.

அப்பா திரும்பி வந்தார், ஆனால் வேறு வழியாக. உலாயுவுக்குக் கல்யாணமான வருஷம், பக்கத்து வீட்டு ரோதா நிறைமாதமாக இருந்தாள். ஒரு நாள் காலையில் மூச்சு வாங்க வந்து கதவைத் தட்டினாள்.

"ஏய் உலாயு, கனவுல ஒரு ஆளு வந்தாருடி. அங்கி பூரா ஐஸு. உள்ள வாங்கன்னா வரமாட்டேங்கிறாரு. வாசல்லயே நின்னுகிட்டு தண்ணி இருக்கான்னு கேக்குறாரு."

"கேக்கறதுக்கு முன்னால தொண்டையைச் செருமினாரா? ரெண்டு தரம்?"

"ஆமா. உனக்கெப்படித் தெரியும்?"

உலாயு அழ ஆரம்பித்துவிட்டாள். எதையும் கேட்கும் முன் அப்படிச் செருமுவது அவளுடைய அப்பாவின் பழக்கம். செத்தவர் கனவில் வந்து தண்ணீர் கேட்டால், பிறக்கப் போகும் பிள்ளைக்குத் தன் பெயரைக் கேட்கிறார் என்று அர்த்தம். பெயரோடு ஆளும் வருகிறார். பையன் பிறந்தான், கமானிக் என்று பெயர் வைத்தார்கள். அன்றே உலாயு விரல் நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீரை எடுத்து அவன் உதட்டில் வைத்து, "வந்துட்டியா அப்பா?" என்றாள். அந்த நாளிலிருந்து அவன் அவளுக்கு அப்பா, அவள் அவனுக்கு மகள். நடக்கப் பழகும் முன்பே அவன் அவளை "மகளே" என்று கூப்பிட்டான்.

ரோதாவுக்கு இதில் ஏகப்பட்ட கர்வம். "உங்கப்பனைப் பெத்தவ நானு. முறைக்கு நான் உனக்கு அப்பத்தா. அப்பத்தாவுக்கு ஒரு டீ போடுடி!" என்று வந்து உட்கார்ந்துகொள்வாள். உலாயுவும் பேசிக்கொண்டே போட்டுக் கொடுப்பாள்.

கமானிக் வளர்ந்து இளைஞனானான். நல்ல வேட்டைக்காரன், கொஞ்சம் அவசரக்காரன். தெருவில் இருவரும் எதிர்ப்பட்டால் ஊருக்கே வேடிக்கை.

"அப்பா, தொப்பி எங்க?"

"பையில இருக்கு, மகளே."

"பைக்கா காது குளிருது? எடுத்துப் போடு. ஒரு தரம் உன்னைத் தொலைச்சது போதும்."

"பெத்த அப்பனை நடுத்தெருவுல வச்சு இப்படி அதட்டுறியே, நாலு பேரு என்ன நினைப்பாங்க?"

"அப்பன் ஒழுங்கா இருந்தா மக ஏன் அதட்டுறா?"

அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு, வாயின் ஒரு பக்கத்தால் மட்டும் சிரிப்பான். அது எங்கள் ஊர்ச் சிரிப்பு. சூரியன் திரும்பி வருகிற நாளில் பிள்ளைகளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய், முகத்தில் பாதியால் மட்டும் சிரிக்கச் சொல்வோம். வெளிச்சம் வந்துவிட்டது என்று ஒரு பாதி சிரிக்கும். குளிர் இன்னும் போகவில்லை என்று மறுபாதி சும்மா இருக்கும். கமானிக் வருஷம் முழுவதும் அப்படித்தான் சிரிப்பான். உலாயுவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் இதமாக இருக்கும்.

அந்த ஜனவரியில், சூரியன் வர இன்னும் கொஞ்ச நாளே இருக்கும்போது, கமானிக் பனிவண்டியை எடுத்துக்கொண்டு விளிம்புக்குக் கடல்நாய் வேட்டைக்குப் போனான். வடக்கேயிருந்து காற்று கிளம்பியது. எல்லோர் வீட்டுச் சமையலறையிலும் இருக்கிற, இரு பக்கமும் பேசக்கூடிய வானொலிப் பெட்டியில் அவன் குரல் கேட்டது.

"மகளே, கேக்குதா? நான் நிக்கிற பனி கிளம்பிடுச்சு. எங்க போகுதுன்னு எங்கிட்ட சொல்லல."

"விளையாடாத அப்பா! எவ்வளவு தூரம்? தாண்டி வர முடியாதா?"

"நடுவுல தண்ணி அகலமாயிடுச்சு. எங்கம்மாகிட்ட சொல்லு, சாப்பாட்டை..."

அதோடு பாட்டரி செத்துவிட்டது. உலாயு ஒலிவாங்கியில் அவனைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். அதே காற்று, அதே விளிம்பு, அதே பெயர்.

தேடுகிற கூட்டத்துக்குத் தலைவன் பவுலூசி, பெரிய உடம்பும் சின்னக் குரலும் உள்ளவன். காற்று திரும்பினால்தான் பனி திரும்பும் என்று அவனுக்கும் தெரியும், எல்லோருக்கும் தெரியும். அதுவரை விளிம்போடு போய்ப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள். முதல் நாள் மாலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கடற்கரையில் யாரோ "வெளிச்சம்!" என்று கத்த, எல்லோரும் வண்டிகளை முறுக்கினார்கள். உலாயுதான் தடுத்தாள். "அது நரிங்க. நல்லாப் பாருங்க, மேல வேட்டைக்காரங்க ஓடுறாங்க, அவங்க காலுக்குக் கீழ இருக்கு. பெட்ரோலை வீணாக்காதீங்க." சரியாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வெளிச்சம் வரும்போதெல்லாம் ஆட்கள் கடலைப் பார்க்காமல் அவள் முகத்தைப் பார்த்தார்கள். அவள் இல்லை என்று தலையசைப்பாள். ரோதா உள்ளே போய்விடுவாள்.

உலாயு தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தாள். சிவப்பு விளக்குகள் யாருடைய துக்கத்துக்காகவும் காத்திருப்பதில்லை. ஏரியில் என்ஜினை அணைத்து, மேலே ஆடுகிறவர்களைப் பார்த்து நின்றாள். விசில் அடிக்கவில்லை. அங்கே அவன் போய்ச் சேர்ந்திருந்தால் எந்த ஆட்டக்காரன் அவன் என்று கண்டுபிடிக்க முடியுமா என்று யோசித்தாள். பாதியாகச் சிரிக்கிறவன் எவனோ அவன்தான். இப்படிக் கனவு மாதிரி ஏதேதோ ஓடிக்கொண்டிருக்க, கால் மரத்துப்போவதுகூடத் தெரியாமல் நின்றாள்.

பிறகு ஒரு நாள் மாலை காற்று திரும்பியது. தெற்குக் காற்று, ஈரமும் லேசான வெதுவெதுப்புமாக. பவுலூசி முகத்தில் முதல் தடவையாக உயிர் வந்தது. "பனி திரும்பி வருது. பெட்ரோல் போட்டுட்டு, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்பலாம்" என்றான். அப்போது தெற்கே அடிவானத்தில் அது தெரிந்தது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை.

எல்லோரும் உலாயுவைப் பார்த்தார்கள்.

அவளுக்கு உள்ளே ஒரு குழந்தை கத்த வாயைத் திறந்தது. அதன் வாயை அவளே பொத்தினாள். நம்பிவிட்டால் மறுபடி ஆறு வயதாகிவிடும்; மறுபடி யாரோ வெறுங்கையோடு திரும்பி வந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள். "நரிங்கதான். அதே நேரம், அதே இடம். போய்ச் சாப்பிடுங்க" என்றாள்.

"நல்லாப் பாத்தியாடி?" என்று ரோதா கேட்டாள்.

"பாத்தேன்."

ஆட்கள் உள்ளே போனார்கள். ரோதா வீட்டு வாசலிலேயே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உலாயு லாரியை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள்.

தண்ணீர் நிறைந்தது. வழக்கம்போல் என்ஜினை அணைத்தாள். வழக்கம்போல் அண்ணாந்தாள்.

மேலே ஒன்றுமே இல்லை. வேட்டைக்காரர்கள் இல்லை, கரடி இல்லை, நாய்கள் இல்லை. தலைக்கு மேலே எப்போதும் மேயும் மான்கள்கூட இல்லை. தெற்குக் காற்று மேகத்தைக் கொண்டுவந்து வானத்தை ஓரம் தெரியாமல் மூடியிருந்தது. ஒரு நிமிஷம் அவள் அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகுதான் உறைத்தது. இத்தனை பேரும் மேகத்துக்குப் பின்னால் போய்விட்ட இரவில், அந்த நரிகளுக்கு மட்டும் யார் கதவைத் திறந்துவிட்டது?

"ஐயோ, அப்பா!" என்று அலறினாள். வாழ்நாள் முழுக்க வானத்தைப் பார்த்தவள், பார்க்க வேண்டிய ஒரே ஒரு நேரத்தில் பார்க்கவில்லை.

என்ஜின் முதல் இரண்டு தரம் முனகி நின்றது. மூன்றாம் தரம் கிளம்பியது. பம்பின் குழாயைக் கழற்றக்கூட அவள் இறங்கவில்லை. அது அறுந்து பின்னாலேயே இழுபட்டு வந்தது. ஓட்டிக்கொண்டே வானொலியில் கத்தினாள்.

"பவுலூசி! எல்லாரும் கேளுங்க! அது நரியில்ல! வானத்துல ஒரு நட்சத்திரம்கூட இல்ல. நான் அண்ணாந்தே பாக்கல. தப்பு பண்ணிட்டேன். அது அவன்தான், கிளம்புங்க!"

கடற்கரைக்கு வந்தபோது அடிவானத்தில் வெளிச்சம் இல்லை. அணைந்துவிட்டிருந்தது. ஆண்கள் வாயில் இறைச்சியோடு பனிவண்டிகளை முறுக்கிக்கொண்டிருந்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. அதுவே அவளுக்குத் தாங்கவில்லை. அவள் லாரியை நிறுத்தாமல் கரையிலிருந்து கடல்பனிக்குள் இறக்கினாள்.

"ஏய் உலாயு! வண்டி நிறையத் தண்ணிடி! பனி தாங்காது!" என்று பவுலூசி கத்தினான்.

"தாங்கலைன்னா தண்ணியோட தண்ணியாப் போறேன். நீ உன் வழியப் பாரு!"

பனி முனகியது, ஆனால் தாங்கியது. போக முடிந்த மட்டும் போய், வெளிச்சம் தெரிந்த திசையைப் பார்த்து வண்டியை நிறுத்தினாள். கூரைமேல் இருக்கிற சிவப்பு விளக்கைச் சுழலவிட்டாள். முன்விளக்கை அணைத்து அணைத்துப் போட்டாள். ஆண்களின் வண்டிகள் அவளைத் தாண்டி, பனி வந்து ஒட்டும் இடம் அதுதான் என்று கிழக்கே விளிம்பை நோக்கிப் போய்ச் சத்தம் தேய்ந்தது.

அதற்குப் பிறகு இருட்டும் அவளும்தான். விளக்கைப் போட்டாள், அணைத்தாள். சிவப்பு சுற்றி வந்து பனியைத் தடவிவிட்டுப் போனது. வெள்ளை வந்தது, போனது. காற்றில் பொடிப்பனி பறந்து வெளிச்சத்துக்குள் வந்து மினுங்கி மறைந்தது. மேலே தெரியாமல் போன நட்சத்திரங்களெல்லாம் இறங்கி வந்து வண்டியின் கண்ணாடிக்கு முன்னால் அலைகிற மாதிரி இருந்தது. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியவில்லை. அம்மாவின் மடி ஞாபகம் வந்தது. நாய்களை அவிழ்த்த மாமாவின் குனிந்த தலை ஞாபகம் வந்தது. "அப்பா விளக்கு" என்று தன்னையறியாமல் முணுமுணுத்தாள். இந்தத் தடவை அந்த விளக்கு அவள் கையில்தான் இருந்தது.

ஆண்கள் போன பக்கம் இல்லை, மேற்குப் பக்கம், வெளிச்சம் தொட்டு நின்ற இடத்தில் ஏதோ அசைந்தது. கரடி என்று நினைத்தாள். கரடி இரண்டு காலில் இவ்வளவு தூரம் நடக்காது. அவள் கதவைத் திறந்துகொண்டு குதித்து ஓடினாள், விழுந்தாள், எழுந்து ஓடினாள்.

கமானிக்கின் அங்கி பூரா ஐஸ். ஒரு கன்னம் வெள்ளையாக உறைந்து மரமாகியிருந்தது. அவளைக் கண்டதும் சிரித்தான். பாதி முகத்துக்குத்தான் சிரிக்க முடிந்தது.

"வண்டி சீட்டைக் கொளுத்தினேன், மகளே. கடைசிப் பெட்ரோலை ஊத்தி. யாரும் வரல."

"பாத்தோம்ப்பா. நான்தான்... நான்தான் நரின்னு சொல்லி எல்லாரையும் அனுப்பிட்டேன்."

அவன் அதைக் கேட்டு மெதுவாகத் தலையாட்டினான். "நானும் உன் விளக்கை நரின்னுதான் நினைச்சேன். செவப்பு, வெள்ளை, செவப்பு, வெள்ளை. பனி கரையோட வந்து ஒட்டிடுச்சு, தாண்டியும் வந்துட்டேன். ஆனா எந்தப் பக்கம் ஊருன்னு தெரியல. அந்த வெளிச்சத்தைப் பாத்து, சரி, நரிங்க நம்மளைக் கேலி பண்ணுதுன்னு உக்காந்துட்டேன். தூக்கமா வந்துச்சு. அப்புறம்தான் காத்து முதுகுல அடிக்கிறது தெரிஞ்சுது. தெக்கத்திக் காத்து முதுகுல அடிச்சா, மூஞ்சி வடக்க. நரிங்க வடக்க வர்றதில்லையே, மகளே."

அவள் அவனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அவனை நடத்திக்கொண்டு வந்து லாரியின் பக்கத்தில் சாய்த்தாள். தூரத்தில் பவுலூசியின் வண்டிகள் திரும்பும் சத்தம் கேட்டது. கமானிக் தொண்டையைச் செருமினான். இரண்டு தரம்.

"போன தடவை வர முடியல, மகளே" என்றான். "இந்தத் தடவை வந்துட்டேன். தண்ணி இருக்கா?"

வண்டி நிறையத் தண்ணீர். ஊற்றிக் கொடுக்க ஒரு குவளை இல்லை. உலாயு கையுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டு, வால்வைத் திறந்து, இரண்டு கையையும் குவித்து ஏந்தி, ஆறு வயதில் கொடுக்க முடியாமல் போனதைக் கொடுத்தாள். அவர் குனிந்து குடித்தார்.